முத்திரை குத்தியவரே முதலில் மாட்டினார்: டம்ளர் தளத்தில் லேபிளுக்கு நேர்ந்த கதி

2018 டிசம்பரில், டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளத்தில் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஒருவர் போட்ட பதிவுகள் சில, ‘வயது வந்தோருக்கானவை’ என்று தளத்தின் வடிகட்டும் நிரலிடம் பிடிபட்டன. அவர் எழுதுவது வடிவமைப்புக் காப்புரிமை பற்றி. பிடிபட்ட படங்களில் இருந்தவை பூட்ஸ் துடைக்கும் ஒரு சாதனம், பொம்மை முகம் வைத்த காலுறை, விளக்கு பதித்த ஜீன்ஸ். எல்லாம் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த படங்கள். இன்னொரு கூத்தும் நடந்தது. ‘இந்த மாதிரிப் படங்களைத் தாராளமாகப் போடலாம்’ என்று டம்ளர் தானே எடுத்துக்காட்டாகக் காட்டியவையும் டம்ளரின் வடிகட்டியில் சிக்கின.

மெஷின் முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அப்படிப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். மெஷின் வந்தது 2018இல். சிக்கல் அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. அதுவும், பயனர்கள் தாங்களாகவே நேர்மையாகத் தங்கள் பக்கத்தின்மேல் போட்டுக்கொண்ட ஒரு குறியில். அந்தக் குறிக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன்.

டம்ளர் என்றதும் நமக்கு ஃபில்டர் காபிதான் ஞாபகம் வரும். ஒரு வகையில் இதுவும் ஃபில்டர் கதைதான்.

டேக் என்னும் பழக்கம்

நியூயார்க்கில் டேவிட் கார்ப் என்ற இளைஞர் 2007இல் தொடங்கிய தளம் டம்ளர். வலைப்பதிவுக்கும் சமூக ஊடகத்துக்கும் நடுவில் ஒன்று. படம், பாட்டு, நாலு வரி எழுத்து, எதை வேண்டுமானாலும் போடலாம். பிடித்ததை ஒரு தட்டில் உங்கள் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ரீபிளாக். ஒருவர் போட்ட படம் ஆயிரம் பேர் பக்கம் சுற்றி வரும். ஓவியர்கள், தொடர்களின் தீவிர ரசிகர்கள், பால்புதுமையினர் (ஒருபாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்), வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல இடம் தேடியவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே சேர்ந்தது. பாலியல் படங்களும் நிறைய இருந்தன. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பதிவின் கீழே போடும் டேக் அங்கே வெறும் தேடல் சொல் அல்ல. ரீபிளாக் செய்பவர் தன் கருத்தை முணுமுணுப்பதும் டேக்கில்தான், மற்றவரை எச்சரிப்பதும் டேக்கில்தான். ரத்தம் தெரியும் படம் என்றால் ‘டிரிகர் வார்னிங்’ (மனதை உலுக்கலாம் என்ற எச்சரிக்கை) என்பதன் முதலெழுத்துகளோடு ‘ரத்தம்’ என்று சேர்ப்பார்கள். சிலந்தி என்றால் சிலந்தி. தற்கொலை பற்றிய பேச்சு என்றால் அதற்கும் ஒன்று. ரத்தம் பார்த்தால் தலைசுற்றுபவர் ‘டம்ளர் சேவியர்’ போன்ற, உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல் ஒன்றில் அந்தச் சொல்லைக் கொடுத்து வைத்தால் போதும், அந்தப் பதிவு அவர் கண்ணில் படாது. கம்பெனி இதில் எங்கும் இல்லை. போடுகிறவர் சொல்கிறார், பார்க்கிறவர் முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊர் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் பழுப்பு முக்கோணமும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. முட்டை சேர்த்தவர் முட்டை சேர்த்தேன் என்று அச்சடிக்கிறார். வேண்டாதவர் எடுக்க மாட்டார், வேண்டியவர் எடுப்பார். பழுப்பு முக்கோணம் போட்ட பாக்கெட்டைக் கடைக்காரர் தெருவில் தூக்கி எறிவதில்லை. எறிவார் என்று தெரிந்தால் அடுத்த மாதம் எந்தக் கம்பெனி உண்மையாக முக்கோணம் போடும்?

2013: குறி போட்டவர் தேடலில் இல்லை

தனித்தனிப் பதிவுக்கு டேக் இருந்ததுபோல, முழுப் பக்கத்துக்கும் ஒரு அமைப்பு இருந்தது. இரண்டு படிகள். அவ்வப்போது நிர்வாணம் வரும் பக்கம் என்றால் ‘என்.எஸ்.எஃப்.டபிள்யூ’, அதாவது ஆபீசில் திறக்கக் கூடாதது. பெரும்பாலும் அதுவே என்றால் ‘அடல்ட்’. பக்கத்தின் உரிமையாளரே அமைப்புகளுக்குப் போய் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2013 மே மாதம் யாஹூ 110 கோடி டாலர் கொடுத்து டம்ளரை வாங்குவதாக அறிவித்தது. கெடுத்துவிட மாட்டோம் என்று யாஹூ தலைவர் மரிசா மேயர் பகிரங்கமாக வாக்குக் கொடுத்தார். விளம்பரதாரர்களை அழைத்து வரவேண்டிய கட்டாயம் யாஹூவுக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஜூலையிலேயே கூச்சல் கிளம்பியது. அடல்ட் என்று குறித்த பக்கங்கள் தேடலில் வரவில்லை. அது போதாதென்று, மொபைல் ஆப்பில் ‘கே’, ‘லெஸ்பியன்’, ‘பைசெக்சுவல்’ என்ற டேக்குகளைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை.

அந்த டேக்குகளில் பாலியல் படங்கள் அடிக்கடி வருகின்றன, வடிகட்டும் வசதி ஆப்பில் இன்னும் நன்றாக அமையவில்லை, அதனால்தான் என்று கார்ப் விளக்கினார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒரு சொல்லின் கீழே வேண்டாதது நிறைய வருகிறதா, சொல்லையே மூடிவிடு: பொறியாளர் கண்ணால் பார்த்தால் அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஆனால் தனக்கு மட்டும்தான் இப்படியா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேடும் ஒருவருக்கும் அதே சொல்தான் கதவு. அவருக்கு வந்த பதில் வெற்றுத் திரை.

2017: பூனைப் படமும் ஆபாசம்

அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனியான வெரிசான் யாஹூவை வாங்கி முடித்த அதே 2017 ஜூனில் டம்ளர் ‘சேஃப் மோட்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்தால் கூருணர்வுக்குரிய, அதாவது சிலருக்குச் சங்கடம் தரக்கூடிய படங்கள் மறைக்கப்பட்டு, மேலே ஒரு திரை விழும். பார்க்க வேண்டுமென்றால் தட்டிப் பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதை அணைக்க முடியாது. யோசனை நல்ல யோசனைதான். கிட்டத்தட்ட பச்சைப் புள்ளி மாதிரி.

சில நாளில் புகார்கள் குவிந்தன. ஒன்றும் இல்லாத பதிவுகள், முக்கியமாகப் பால்புதுமையினர் போட்டவை, திரைக்குப் பின்னால் போயிருந்தன. டம்ளர் மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் சொன்னது. இந்தக் கதையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் காரணம்தான்.

பல பேர் பல வருடம் முன்பே தங்கள் பக்கத்தை அடல்ட் என்றோ என்.எஸ்.எஃப்.டபிள்யூ என்றோ தாங்களாகவே குறித்து வைத்திருந்தார்கள். புதிய ஏற்பாட்டில் இரண்டும் ‘எக்ஸ்ப்ளிசிட்’ (வெளிப்படையான பாலியல்) என்ற ஒரே கூடைக்குள் போயின. அந்தக் கூடையில் இருக்கும் ஒருவர் போட்ட எந்தப் பதிவும், அதை வேறு யார் ரீபிளாக் செய்தாலும், கூருணர்வுக்குரியது என்றே கணக்கானது. பதிவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒரு ஓவியர் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு இரண்டு நிர்வாணக் கோட்டோவியம் போடுவார். யாருக்கும் தர்மசங்கடம் வேண்டாமே என்று 2013இலேயே தன் பக்கத்துக்குக் குறி போட்டுவிட்டார். 2017இல் அவர் தன் பூனையைப் படமெடுத்துப் போடுகிறார். அதை அவருடைய தோழி தன் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறாள். தோழியின் பக்கத்தில் பூனை திரைக்குப் பின்னால். அதே மாதிரிக் கோட்டோவியங்களைக் குறியே போடாமல் ஓட்டிவந்த பக்கத்து ஓவியருக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. அவர் பூனை நன்றாகத் தெரிகிறது.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ‘என் வீட்டில் சில அறைகளுக்குள் தட்டிவிட்டு வாருங்கள்’ என்ற பொருளில் ஒருவர் போட்ட பலகையை, ‘இந்த வீட்டிலிருந்து வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியது’ என்று கம்பெனி படித்தது. பலகையில் எழுத்து மாறவில்லை, படிப்பவர் மாறிவிட்டார். டம்ளர் அந்தப் பிழையைத் திருத்துவதாகச் சொன்னது. ஆனால் குறி போட்டால் என்ன ஆகும் என்பதைப் பயனர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டார்கள்.

2018: நவம்பரும் டிசம்பரும்

2018 நவம்பர் நடுவில் டம்ளர் ஆப் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. சில நாள் மௌனத்துக்குப் பிறகு கம்பெனி ஒப்புக்கொண்டது: குழந்தைகள்மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் தளத்தில் இருந்தது சோதனையில் தெரியவந்தது, அவை துறையின் பொதுத் தரவுத்தளத்தில் இல்லாத படங்கள் என்பதால் முன்கூட்டியே பிடிபடவில்லை.

இந்தத் தரவுத்தளம் வேலை செய்யும் விதம் இங்கே தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே அடையாளம் கண்ட குற்றப் படம் ஒவ்வொன்றிலிருந்தும் கைரேகை மாதிரி ஒரு எண்கோவையை எடுத்து வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2009இல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகை. புதிதாக யாராவது ஒரு படத்தை ஏற்றினால் அதன் கைரேகையைப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் பிடிக்கும். தெரிந்த திருடனின் கைரேகை மட்டும்தான் பட்டியலில் இருக்கும். புதிய திருடனை அது பிடிக்காது. அதற்கு ஆட்கள் வேண்டும், புகார்களை உடனே பார்க்கும் குழு வேண்டும்.

டிசம்பர் 3 அன்று டம்ளரின் தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப் டி’ஒனோஃப்ரியோ ஒரு அறிவிப்பு வெளியிட்டார். டிசம்பர் 17 முதல் வயது வந்தோருக்கான படங்களுக்கும் காணொளிகளுக்கும் மொத்தமாகத் தடை. அறிவிப்பின் தொடக்கத்திலேயே, குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றத்தையும் இந்தப் புதிய விதியையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இரண்டும் வேறு வேறு என்பது சரி. ஆனால் ஆப் போனது இரண்டு வாரத்துக்கு முன், தடை வந்தது இரண்டு வாரத்துக்குப் பின். குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? திருடனைப் பிடிக்கக் காவலாளி போதவில்லை என்பதற்காகத் தெருவையே மூடினார்கள் என்றுதான் பலரும் படித்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபோஸ்டா சட்டமும் வந்திருந்தது. பாலியல் தொழிலுக்கு வழி செய்யும் பதிவுகளுக்குத் தளங்களையே பொறுப்பாக்கும் சட்டம் அது. எல்லாக் கம்பெனி வழக்கறிஞர்களும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்த காலம்.

விதியின் வாசகம் உலகப் புகழ் பெற்றது. தடை செய்யப்பட்டவற்றில் ‘பெண்ணுடையதாகத் தோன்றும் முலைக்காம்புகள்’ என்று ஒரு வரி. விதிவிலக்குகளும் இருந்தன: தாய்ப்பால் கொடுப்பது, பிரசவ நேரம், மார்பக அறுவைக்குப் பின்னான படம், பாலுறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சை, அரசியல் அல்லது செய்தி முக்கியத்துவம் உள்ள நிர்வாணம், சிற்பம், ஓவியம். எழுத்துக்குத் தடை இல்லை.

சரி, இந்த விதிவிலக்குகளை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒரு மார்பு பெண்ணுடையதா என்று முடிவு செய்ய வேண்டும். பெண்ணுடையது என்றால் பால் கொடுக்கிறாளா, போராடுகிறாளா, சிகிச்சைக்குப் பின் தழும்பைக் காட்டுகிறாளா, கல்லில் செதுக்கியதா என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதருக்கே பதிவின் எழுத்தையும் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும். அந்த வேலையை முதல் சுற்றில் பிக்சல்களை மட்டும் பார்க்கும் ஒரு நிரலிடம் கொடுத்தார்கள்.

இனி, பழைய குறிக்கு என்ன ஆயிற்று? தங்கள் பக்கத்தை எக்ஸ்ப்ளிசிட் என்று ஏற்கெனவே குறித்திருந்தவர்களுக்கும், கம்பெனி குறித்தவர்களுக்கும் ஒரே நிலைமை. பக்கத்தின்மேல் போட்ட திரை அப்படியே இருக்கும். முகப்புப் படத்தையும் அடையாளப் படத்தையும் நீக்கிவிட்டுத் தளத்தின் பொதுவான படம் வைக்கப்படும். இனிமேல் விதிக்கு உட்பட்டதை மட்டும் போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், திரை மட்டும் போகாது. மாட்டிய பதிவுகள் அழிக்கப்படவில்லை; எழுதியவர் மட்டும் பார்க்கும்படி பூட்டப்பட்டன. மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் உண்டு.

2013இல் ஊருக்கு நல்லது என்று கைதூக்கியவர்களின் பட்டியல் 2018இல் கம்பெனியின் கையில் தயாராக இருந்தது. மெஷின் தேடவே வேண்டாம்.

மெஷின் கணக்கு

நிரல் எப்படி முடிவெடுக்கிறது என்பதற்கு யாஹூவே 2016இல் பொதுவில் வெளியிட்ட ஒரு கருவி நல்ல எடுத்துக்காட்டு. ஒரு படத்தைக் கொடுத்தால் 0க்கும் 1க்கும் இடையில் ஒரு எண் வரும். 0.8க்கு மேல் என்றால் அநேகமாக ஆபாசம், 0.2க்குக் கீழே என்றால் அநேகமாகப் பிரச்சினையில்லை. நடுவில் வருவதை என்ன செய்வது என்பது அதைப் பயன்படுத்துபவர் பாடு. ஆக, ‘மெஷின் தடுத்தது’ என்று சொல்வதே அரைகுறை உண்மை. எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்று ஒரு மனிதர்தான் தீர்மானித்தார்.

கோடு எங்கே இருந்தாலும் ஒரு கணக்கு துரத்தும். கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். தளத்தில் 1 கோடிப் படங்கள். அவற்றில் நூற்றுக்கு 2 உண்மையில் விதியை மீறுபவை, அதாவது 2 லட்சம். கருவி அபாரமானது, மீறும் படங்களில் நூற்றுக்கு 95ஐப் பிடித்துவிடும், மீறாத படங்களில் நூற்றுக்கு 3ஐ மட்டும் தவறாகப் பிடிக்கும். விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு நல்ல கருவி. இப்போது கூட்டுங்கள். சரியாகப் பிடித்தது 1 லட்சத்து 90 ஆயிரம். மீறாத 98 லட்சத்தில் 3 சதவீதம், 2 லட்சத்து 94 ஆயிரம். பிடிபட்ட ஐந்து படங்களில் மூன்று நிரபராதி. காலுறை அந்த மூன்றில் ஒன்று.

இந்தக் கணக்கு அங்கிருந்த பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆள் வைத்துச் சரிபார்த்தால் சமாளிக்கலாம். இரண்டு வாரத்தில், பத்து வருடத்துப் பதிவுகளுக்கு, முடியாது.

இன்னொன்று. ஆபாச விளம்பர பாட்கள் (தானாக ஓடும் போலிக் கணக்குகள்) தடைக்கு முன்னும் இருந்தன, பின்னும் ஓடிக்கொண்டிருந்தன. பாட் வைத்திருப்பவன் குறி போடுவதில்லை, ஒரு கணக்கு போனால் பத்து தொடங்குவான். மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்திக் காத்திருப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பழைய ஓவியர்தான்.

பின்விளைவு, சுருக்கமாக

இணையதள வருகைகளைக் கணிக்கும் சிமிலர்வெப் கம்பெனியின் கணக்குப்படி 2018 டிசம்பரில் 52.1 கோடியாக இருந்த வருகைகள் 2019 பிப்ரவரியில் 37 கோடியாயின. அந்த ஆகஸ்டில் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் கம்பெனி டம்ளரை வாங்கியது. விலை 30 லட்சம் டாலருக்கும் குறைவு என்று செய்திகள் வந்தன. 110 கோடி எங்கே, 30 லட்சம் எங்கே என்று இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடையின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016க்குள்ளாகவே யாஹூ டம்ளரின் மதிப்பில் 71 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுதிவிட்டது. விளம்பர வியாபாரம் அதற்கு முன்பே படுத்துவிட்டது. தடை, படுத்தவரை எழுந்திருக்க விடவில்லை.

2022 பிப்ரவரியில் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்துடன் டம்ளர் ஒரு உடன்படிக்கைக்கு வந்தது. 2018 தடை பால்புதுமைப் பயனர்களை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதித்தது என்ற குற்றச்சாட்டின் விசாரணை அது. மேல்முறையீட்டு முறையைத் திருத்துவது, பதிவுகளைச் சரிபார்க்கும் மட்டுறுத்துநர்களுக்குப் பயிற்சி, பழைய முறையீடுகளை மறுபடி பார்ப்பது, படத்தை வகைப்படுத்தும் நிரலில் சாய்வு இருக்கிறதா என்று நிபுணரை வைத்துச் சோதிப்பது ஆகியவற்றுக்கு டம்ளர் ஒப்புக்கொண்டது. விதி போட்டது வெரிசான் காலத்தில். கையெழுத்துப் போட்டது அதற்குப் பின் வந்தவர்கள்.

ஐபோனில் ‘நான்’ என்று தேடக் கூடாது

2021 டிசம்பரில் 2013 திரும்பி வந்தது. ஆப்பிளின் விதிகளுக்குப் பணிந்து, ஐபோன் ஆப்பில் மட்டும் ஒரு நீண்ட பட்டியல் டேக்குகளை டம்ளர் மூடியது. பயனர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பட்டியலைத் தாங்களே தொகுத்தார்கள். ‘மீ’ என்ற ஆங்கிலச் சொல் அதில் இருந்தது. ‘கேர்ல்’ இருந்தது. காலை உணவான சோள அவல் விளம்பரத்தில் வரும் டோனி என்ற கார்ட்டூன் புலி இருந்தது. கனடா நடிகர் யூஜின் லெவியின் பெயர் இருந்தது. யூஜின் லெவி என்ன பாவம் செய்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர், ஆப்பிள் ஆய்வாளர் ஒருவர் எந்தச் சொல்லைத் தேடினால் எது கண்ணில் படும் என்று கணக்குப் போட்டுத் தயாரித்திருக்கிறார். பயனருக்காகப் போட்ட வடிகட்டி அல்ல இது, பரிசோதகருக்காகப் போட்டது. தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் சில ஓட்டல்களில் அன்றைக்கு மட்டும் சமையலறை பளபளக்குமே, அந்த ரகம்.

ஆப்பிளின் வழிகாட்டு விதிகளில் ஒரு வழி திறந்திருந்தது. பயனர்கள் ஏற்றும் உள்ளடக்கம் கொண்ட இணையச் சேவையின் ஆப்பில் தற்செயலாக வரும் வயது வந்தோர் படங்கள் இருக்கலாம். ஆனால் அவை முதலில் மறைந்திருக்க வேண்டும். பயனர் அந்தச் சேவையின் இணையதளத்துக்குப் போய்த் தானே இயக்கினால் மட்டும் தெரிய வேண்டும். 2022 ஜனவரியில் டம்ளர் அந்த வழியில் போய் ஒரு சுவிட்சைக் கொண்டுவந்தது. சுவிட்ச் இருக்கும் இடம் இணையதளம். ஆப்பிலேயே ஏன் இல்லை என்று கேட்டால், விதி அப்படி.

மறுபடியும் லேபிள்

2022 செப்டம்பர் இறுதியில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, ஆட்டோமாட்டிக் தலைவர் மேட் மல்லன்வெக் எழுதிய நீண்ட பதிவு. பழைய டம்ளர் மாதிரி எல்லாவற்றையும் அனுமதிக்கும் தளத்தை 2022இல் ஏன் நடத்த முடியாது என்று அதில் விளக்கினார். கிரெடிட் கார்டு கம்பெனிகள் ஆபாசத்தை விரும்புவதில்லை, ஆப் ஸ்டோர்கள் விரும்புவதில்லை, வயதையும் சம்மதத்தையும் சரிபார்ப்பது சுமை. ட்விட்டரிலும் ரெடிட்டிலும் இதெல்லாம் இருக்கிறதே என்றால், அவை ஆப்பிள் தொட யோசிக்கும் அளவுக்குப் பெரியவை என்பது அவர் கணிப்பு. தளத்தை நடத்துகிறவரே, உள்ளே எது தெரியலாம் என்று தீர்மானிப்பதில் வெளியே இருப்பவர்களின் பங்கை இவ்வளவு பச்சையாகச் சொல்வது அபூர்வம். அந்தப் பதிவை நான் மூன்று தடவை படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான், சங்கடமும் அதுதான்.

இரண்டாவது, ‘கம்யூனிட்டி லேபிள்’. பதிவு போடும்போதே அதற்கு ‘முதிர்ந்தோருக்கானது’ என்ற லேபிளைப் போடலாம். அதற்குள் மூன்று வகை: போதை மற்றும் மதுவுக்கு அடிமையாதல், வன்முறை, பாலியல் கருப்பொருள். பார்ப்பவர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: காட்டு, மங்கலாக்கு, மறை. நவம்பர் 1 முதல், லேபிளோடு, நிர்வாணம் மறுபடி அனுமதிக்கப்பட்டது. வெளிப்படையான உடலுறவுக் காட்சிக்கு இடமில்லை.

இந்த வடிவமைப்பில் மூன்று விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. லேபிள் பதிவின்மேல்தான் ஒட்டுகிறது, ஆளின்மேல் அல்ல. 2017இன் பூனை தப்பித்தது. வன்முறை வேறு, நிர்வாணம் வேறு என்று பிரித்திருக்கிறது. குடியை விட்டுக்கொண்டிருப்பவருக்கு ஓவியரின் கோட்டோவியம் ஒன்றும் செய்யாது, பாட்டில் படம்தான் படுத்தும். மங்கலாக்கு என்ற நடு வழியும் நல்லது. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, இப்போது வேண்டாம் என்று கடந்து போகலாம். பத்து வருடம் முன்பு பயனர்கள் தங்களுக்குள் டேக் வைத்து நடத்திக்கொண்டிருந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனி கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது.

குறையும் உண்டு. மூன்று வகைக்குள் சிலந்தி இல்லை, தற்கொலை இல்லை. அதற்கெல்லாம் இன்னும் பழைய டேக்தான். லேபிளைக் கம்பெனியும் ஒட்டலாம். ஒட்டியது தவறென்றால் முறையிடலாம். அங்கே பழைய பிரச்சினை பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் மேல், புதிய லேபிள் ஏற்பாடு முழுக்கப் போடுகிறவரின் நேர்மையை நம்பி நிற்கிறது. 2013இல் குறி போட்டு, 2017இல் பூனையை இழந்து, 2018இல் அடையாளப் படத்தையும் இழந்த ஓவியர் ஒருவேளை இன்னும் அங்கே இருந்தால், புதிய பதிவின் மூலையில் அந்த லேபிள் பொத்தானைப் பார்ப்பார். கம்பெனி கைமாறிவிட்டது, விதி மாறிவிட்டது. அவர் கேட்கக்கூடியது ஒரே கேள்விதான்: அடுத்த முறை கம்பெனி கைமாறும்போது இந்தப் பட்டியல் யாரிடம் போகும்?